கஷ்டம் வரும் முன்னே ஜெபத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: ரங்கூனிலிருந்து ஓர் அனுபவம்

என்னிடம் தையல் பழக வரும் பெண்களில் ஒருத்தி கொஞ்ச நாளுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, கஷ்டம் வந்தா எப்படியும் ஜெபம் பண்ணத்தானே போறோம், தினமும் எதுக்கு? கர்த்தருக்குத்தான் எல்லாம் தெரியுமே?" வம்புக்குக் கேட்கவில்லை. கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் சமைத்து, துணி துவைத்து, போனுக்குச் சார்ஜ் போட்டு, தங்கையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவருகிற பெண் அவள். நின்ற இடத்தில் ஏதோ ஒரு பதில் சொன்னேன், அது எனக்கே போதவில்லை. 2021 ஜூலையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அதற்குப் பதில் ஆகும். சபையில் "ஜெபியுங்கள், ஜெபியுங்கள்" என்பார்கள். பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கும்போது எப்படி ஜெபிப்பது என்று ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. யாராவது முன்னாலேயே சொல்லித் தந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ரங்கூனில் தாம்வே பக்கம், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவருக்கு மலேசியாவில் வெல்டிங் வேலை. மகள் அப்போது தன்லினில் அத்தை வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா மோல்மேனில் பிறந்தவர், பள்ளிக்கூடம் பர்மிய மொழியில்தான், தமிழ் எழுத்து முழுக்க ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்துக் கற்றது. ரங்கூன் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், விடியுமுன் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினால்தான் அன்றைய பிழைப்பு. அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும் வரை பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து ஜெபிப்பார். மோட்டார் இரைச்சலை மீறித் தன் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகவே ஜெபிப்பார். முதலில் சங்கீதம் 121, அப்புறம் கர்த்தருடைய ஜெபம், அப்புறம் பெயர்கள். பேத்தி, மருமகன், கீழ்வீட்டுப் புத்த மதக் குடும்பம், சபையில் இருக்கிற விதவைகள், இந்த நாடு. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் "ஆமென்". திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அரைத் தூக்கத்தில் நானும் ஆமென்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய வீடுகளில் இதே கதைதான். வீட்டில் ஜெபிப்பதற்கு என்று ஒருவர் இருப்பார். பாட்டியோ, அம்மாவோ, அபூர்வமாக அப்பாவோ. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்கள். அந்த ஒருவர் நோயில் விழுந்த அன்றைக்கு வீட்டில் ஜெபமும் படுத்துவிடும். குடும்ப ஜெபம் நடக்கிற வீடாக இருந்தால் ஆளுக்கொரு நாள் நடத்துங்கள். பத்து வயதுப் பிள்ளை தடுமாறி இரண்டு வரி சொன்னாலும் பரவாயில்லை. பெரியவர் அழகாக ஜெபிக்கிறார் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாடு எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் வங்கியில் இருந்தாலும் கையில் எடுக்க முடியாது. ஏடிஎம் வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசை. ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை. அதன்மேல் ஜூன் கடைசியில் கொரோனாவின் மூன்றாவது அலை வந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மருந்து தேவைப்படும் வீட்டில் மஞ்சள் துணி, சாப்பாடு தேவைப்படும் வீட்டில் வெள்ளைத் துணி என்று பால்கனியில் கட்டினார்கள். நான் தைப்பது பள்ளிச் சீருடை, பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும். அந்த வருஷம் ஆர்டர் இல்லாமல் வெள்ளைத் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதில் ஒரு முழம் வெட்டி நானே கட்டும்படி ஆயிற்று.

முதலில் எனக்குக் காய்ச்சல். கருவாடு வறுக்கிறேன், வாசனையே தெரியவில்லை. அடுத்து அம்மா. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95, 93 என்று இறங்கி, ஓர் இரவு 86 காட்டியது. போனில் இலவசமாக வைத்தியம் பார்த்த டாக்டர்களில் ஒருவர் கிடைத்தார். அவர் சொன்னபடி அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, தலையணையை நெஞ்சுக்கடியில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி இரண்டு இருக்கும். ஊரடங்கு, வெளியே போக வழியில்லை. ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை. "கர்த்தாவே" என்றேன், அதற்குமேல் மனதில் ஒன்றுமில்லை. எதை முதலில் கேட்பது? ஆக்சிஜன் சிலிண்டரா, அம்மா உயிரா, எனக்கு மூச்சா? பயம் வந்தால் ஜெபம் தானாகப் பொங்கி வரும் என்று சொல்கிறார்களே, எனக்கு அப்படி வரவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து என் வாயில் வந்தது "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." மோட்டார் பக்கத்து ஜெபம். நான் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை, வருஷக்கணக்காகத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து காதில் விழுந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்ததும் குப்புறக் கிடந்த அம்மாவின் விரல் மெத்தையில் லேசாகத் தட்டியது. அவர் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தினசரி ஜெபம் அன்றன்றைய தேவைக்கு மட்டும் இல்லை. உங்களால் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க முடியாத ஒரு ராத்திரிக்கும் அதுவே சேமிப்பு. வேதத்திலும் இப்படித்தான் இருக்கிறது, பிறகுதான் கவனித்தேன். மீனின் வயிற்றில் யோனா செய்த ஜெபத்தைப் படித்துப் பாருங்கள், வரிக்கு வரி சங்கீதங்களின் வாசனை. சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்றது 31ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. தானியேலுக்குச் சிங்கக்கெபி என்று சட்டம் வந்தபோது அவர் புதிதாக ஒரு ஜெபம் தொடங்கவில்லை, "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். பிடிபடப்போகிற இரவிலும் இயேசு ஒலிவமலைக்குப் போனது "வழக்கத்தின்படியே" என்று லூக்கா எழுதுகிறார். வழக்கம் ஏற்கெனவே இருந்தது, ஆபத்து வந்து அதில் விழுந்தது.

ஆகவே சில பகுதிகளை வாய்ப்பாடாக ஆக்கிக்கொள்ளுங்கள். சங்கீதம் 23, 121 எல்லோரும் சொல்வார்கள். அவற்றோடு 13, 130 இரண்டையும் சேர்க்கச் சொல்வேன், சிறியவை, அழுகிறவர்களுக்கானவை. கர்த்தருடைய ஜெபத்தை வேகமாக உருட்டாமல், ஒவ்வொரு வரியிலும் மூச்சு விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் படித்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னொருவர் காதில் விழட்டும். எந்த வார்த்தை யாருக்கு எப்போது உதவும் என்று நமக்குத் தெரியாது. வேதாகமம் போனில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஜூலையில் எங்கள் வீட்டில் சார்ஜ் இருந்ததெல்லாம் டாக்டரை அழைப்பதற்கும் சிலிண்டர்காரனை அழைப்பதற்குமே சரியாகப் போயிற்று.

இனி சிலிண்டர் கதை. பணம் போன கதையும் இதுதான். 40 லிட்டர் சிலிண்டர் முழுசாக நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 6,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைத்தால் 20 மணி நேரம், 10 வைத்தால் 10 மணி நேரம். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் ராத்திரி எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே தெரியும், மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டாம். முகநூலில் ஒருவன் விற்பதாகச் சொன்னான். 3 லட்சம் கியாட் முன்பணம் கேபிஇசட் பே என்ற போன் செயலியில் வாங்கிக்கொண்டான், அன்று மாலையே அவன் கணக்கு இல்லை. அப்புறம் சபைத் தம்பி ஒருவர் ஒரு பழைய சிலிண்டரும் ரெகுலேட்டரும் 7 லட்சத்துக்குப் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை நிரப்பவும் அவரே போய், ஊரடங்கு முடியும் 4 மணிக்கு வரிசையில் நின்றார். ஜூலை 17 முதல் பொது விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். கையில் நோட்டு வேண்டுமென்றால் நூற்றுக்கு பத்து கமிஷன் கொடுத்து மாற்ற வேண்டும். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்று 17 லட்சம், அதற்கு என் கல்யாண வளையல் போயிற்று. மெஷின் இருந்தாலும் சிலிண்டரை விட்டுவிடாதீர்கள், கரண்ட் போனால் மெஷின் வெறும் பெட்டி. மொத்தமாக 35 லட்சத்துக்குக் குறையாமல் செலவு, அதில் பாதி கடன். எனக்கு மூச்சு சரியாகித் தையல் மெஷினில் உட்கார்ந்து பெடல் மிதிக்க அரை வருஷம் ஆனது, இழந்த அந்த வருமானம் தனி.

இந்த ஓட்டத்தில் நீளமான ஜெபத்துக்கு இடம் எங்கே? ஒரு வரி ஜெபம்தான். கடலில் அமிழ்ந்துபோகையில் பேதுரு ஜெபித்தது மூன்றே வார்த்தை, "ஆண்டவரே, என்னை இரட்சியும்." வழியோரத்துக் குருடன் பர்திமேயு கத்தியது "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. எனக்கே அப்போது 92 ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அளந்து சொல்ல நன்றாகவே வந்தது. படியேறும்போது, ரெகுலேட்டர் திருகும்போது, போன் மணி அடித்துக்கொண்டே இருந்து மறுமுனையில் யாரும் எடுக்காதபோது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதியதை எப்படிச் செய்ய முடியும் என்று முன்பு நினைப்பேன். இப்படித்தான் செய்ய முடியும். ஆனால் இதுவும் சாதாரண நாளில் பழகாமல் வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, அரிசி களையும்போது சொல்லிப் பழகுங்கள்.

ஜெபிக்கிறோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் "ஆக்சிஜன் வேண்டாம், விசுவாசம் போதும்" என்று போனில் சொன்னார். அவருக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன் நடந்தது, அப்போது அந்த விசுவாசம் எங்கே போயிருந்ததோ. எலியா சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் தூங்குவதும் கஞ்சி குடிப்பதும் ஜெபத்துக்கு எதிரி இல்லை. எனக்கு அந்த அடை வந்தது கயிற்றில். ரங்கூன் வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். வெள்ளைத் துணியைப் பார்த்த கீழ்வீட்டுப் பர்மாக்கார அக்கா, தினமும் அதில் ஒரு பையை மாட்டி இழுப்பார். கஞ்சி, அவித்த முட்டை, சில நாள் எலுமிச்சம்பழம். அம்மா வருஷக்கணக்காக மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொன்ன அதே குடும்பம். அவர்களுக்கு அது தெரியாது.

நோயாளியோடு ஜெபிப்பது தனி வித்தை. முகத்தில் மாஸ்க் இருக்கிறவரை "ஆமென் சொல்லுங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று வற்புறுத்தாதீர்கள், அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மூச்சைச் செலவழிக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த பகுதியை, அவருக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பிலேயே, மெதுவாகச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவர் முக்கால் மணி நேரம் உரத்த குரலில் ஜெபித்தார். நல்ல மனதோடுதான் செய்தார், ஆனால் அம்மாவின் நாடித்துடிப்பு 130க்கு ஏறியதைக் கருவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம் தாண்ட வேண்டாம். அதுபோல ஜெபக்குழுவுக்குச் செய்தி அனுப்பும்போது ஒரே ஒருவருக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் "இப்போ எப்படி இருக்காங்க" என்ற கேள்விக்குப் பதில் எழுதியே கட்டைவிரல் தேய்ந்துவிடும். கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்றால் எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். "நாளை காலை சிலிண்டர் நிரப்ப வரிசையில் நிற்கிறார், திரும்பி வர வேண்டும், அதற்காக ஜெபியுங்கள்" என்று அனுப்பியபோது, ஒருவர் ஜெபித்துவிட்டு அந்தத் தம்பிக்குக் காபியும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பேசும் "தீர்க்கதரிசி" ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அந்த மனிதர் வைபரில் குரல் பதிவு அனுப்பினார், அம்மா எழுந்து நடப்பதைத் தரிசனத்தில் கண்டாராம். அதற்கு 5 லட்சம் "விசுவாச விதை" விதைக்க வேண்டுமாம். சிலிண்டருக்கே பணமில்லை என்றேன். அடுத்த பதிவு வேறு குரலில் வந்தது. பண ஆசை என் வீட்டில் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறதாம். எண்ணைத் தடை செய்தேன். ஆனால் அம்மா போன பிறகு அந்த உறவினர் ஒரு வார்த்தை சொன்னார். "அன்னைக்கே அனுப்பியிருந்தா இப்படி ஆயிருக்காது." 3 லட்சம் ஏமாற்றியவனை நான் மறந்துவிட்டேன். இந்த வாக்கியம் பல மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகுதான் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். நாகமானின் குஷ்டம் நீங்கியதற்கு எலிசா ஒரு காசு வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய வேலைக்காரன் கேயாசியைத்தான் அந்தக் குஷ்டம் பிடித்தது. மாயவித்தைக்காரன் சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு சொன்னதும் அப்போஸ்தலர் 8ல் இருக்கிறது: "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது." ஜெபத்துக்கு விலை சொல்கிறவர் யாராக இருந்தாலும், எந்த மொழியில் அழுதாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நெருக்கடியில் இருக்கும்போது இதை யோசிக்கத் தெம்பு இருக்காது. இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சபைக் காணிக்கை வேறு, இது வேறு.

அம்மா ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறந்தார். சபைப் போதகரும் நோயில் கிடந்தார். அறப்பணி வண்டிக்காரர்கள் பாதுகாப்பு உடையோடு வந்து, நாலு மாடி இறக்கி, யேவே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கல்லறை உண்டு, அம்மாவுக்கு மட்டும் இல்லை. நல்லடக்க ஆராதனை முறையை நானே பால்கனியில் நின்று படித்தேன், பாதியில் இருமல் வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் எனக்கு அதிகக் கஷ்டம். யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம் வரும். அழுகைகூட வராத வெறும் கோபம். "எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கைகொடுத்தது சங்கீதம் 88. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பவே திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே முடிந்துவிடும். இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. கோபத்தை அடக்கி நல்ல வார்த்தை பேச வேண்டாம், இருப்பதைச் சொன்னால் போதும் என்று தெரிந்தது.

அம்மா ஊர்க்காரர் என்று உரிமையோடு ஜட்சனையும் அப்போது நினைத்துக்கொள்வேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813ல் ரங்கூனில் வந்து இறங்கியது, 1824ல் ஆவாவில் விலங்கிட்டுச் சிறையில் போட்டது, மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றியது எல்லாம் இங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிந்தியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1826ல் ஆன் இறந்தார், அடுத்த வருஷம் கைக்குழந்தை. அந்த மனிதர் மோல்மேன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார், தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவன் இருக்கிறார் என்று நம்பியும் அவரை உணர முடியாமல் தவித்தார். பர்மிய வேதாகமத்தை 1834ல் முடித்ததும் இதே மனிதர்தான். வறண்ட ஜெபம் விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டுங்கள். அந்த வறட்சியில் நான் செய்தது ஒன்றே ஒன்று, நேரத்தை விடவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு அதே பலகையில் உட்காருவேன். சில நாள் ஒரு வார்த்தையும் இல்லை, தொட்டி நிரம்பியதும் எழுந்துவிடுவேன். நாம் வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8ல் இருப்பதை நம்பிக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இன்றைய வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம். கடிகார நேரம் வைத்துக்கொண்டால் எங்கள் ஊரில் நடக்காது, கரண்ட் வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் செய்யாமல் தப்பிக்க முடியாத ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிட வேண்டும். எனக்கு அது தண்ணீர். உங்களுக்கு அடுப்பாகவோ கடைக் கதவு திறப்பதாகவோ இருக்கலாம். கால் மணி நேரத்துக்குமேல் திட்டமிடாதீர்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் ஜெபித்து மூன்றாம் வாரம் விட்டுவிடுகிறவர்களை எண்ணி மாளாது. மகள் இப்போது என்னோடு இருக்கிறாள், வாரத்தில் பாதி நாள் அவள் நடத்துகிறாள், பர்மிய மொழியில், ஜட்சன் வேதாகமத்தை வைத்து. தமிழில்தான் ஜெபிக்க வேண்டும் என்று முதலில் நான் முறைத்துக்கொண்டேன். சங்கீதம் 121 மட்டும் இரண்டு மொழியிலும் இருவருக்கும் பாடம், மற்றபடி அவளுக்கு வரும் மொழியில் அவள் பேசட்டும்.

பெயர்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், கேட்ட நாள், என்ன தேவை, பிறகு என்ன ஆயிற்று. கேட்டது கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்றே எழுதுவோம், மழுப்புவதில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று எங்கள் மாடியும் ஆடியது. மாண்டலே, சகாயிங் பக்கம் போன் ஒன்றும் போகவில்லை. யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று பதறாமல் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னோம், தகவல் வர வர பக்கத்தில் குறித்தோம். அம்மாவின் பெயரும் முதல் பக்கத்தில் இருக்கிறது, எதிரே "கிடைக்கவில்லை" என்று என் கையெழுத்து. நோட்டு வைப்பதென்றால் பென்சிலால் எழுதுங்கள். இங்கே மழைக்காலத்தில் பேனா மை ஊறிப் பரவிவிடுகிறது, முதல் வருஷத்துப் பக்கங்கள் பாதி படிக்க முடியவில்லை.